வித்தையும் வேடமும்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் கணக்கு. மேடையேறும் வித்தைக்காரரைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் ஆடையின் பங்கு பாதிக்கும் மேல் என்றே சொல்ல வேண்டும். அவர் வாய் திறப்பதற்கு முன், சீட்டுக்கட்டைக் கையில் எடுப்பதற்கு முன், அவருடைய உடை அவையோரோடு பேசத் தொடங்கிவிடுகிறது. ‘நான் இன்னார், இன்ன இடத்திலிருந்து வருகிறேன், என்னை இப்படி மதியுங்கள்’ என்று அது சொல்கிறது. பாடகருக்கும் பேச்சாளருக்கும் இது பொருந்தும் என்றாலும், வித்தைக்காரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர் நம்மை ஏமாற்றப் போகிறார் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்த ஏமாற்றுக்கு நாமும் விரும்பி இசைகிறோம். ஆயினும் எதில் ஏமாற்றலாம், எதில் ஏமாற்றக் கூடாது என்று ஓர் எல்லைக் கோடு உண்டன்றோ? அந்தக் கோடு அவர் உடுத்தும் உடையில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நம் கல்லூரியில் ஆண்டு விழாவானாலும் விடுதி நாளானாலும் ஒரு மேஜிக் காட்சி இடம்பெறாமல் போவதில்லை. அந்தக் காட்சிக்கு வரும் நண்பர்களின் கோலம் இரண்டே வகைதான். ஒன்று, அட்டையில் செய்த உயரத் தொப்பி, வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை. மற்றொன்று, நாடக உடைக் கடையிலிருந்து வந்த சரிகை அங்கி, தலைப்பாகை, அதன்மேல் ஓர் இறகு. எனக்கு இவ்விரண்டிலும் உடன்பாடில்லை. வித்தைக்காரருக்கு வேண்டுவது உடை, வேடம் அன்று. இதைச் சற்று விரிவாகச் சொல்லவே இக்கட்டுரை.

தொப்பி வந்த வழி

உயரத் தொப்பியும் வால்வைத்த கோட்டும்தான் மாயக்காரரின் அடையாளம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நம்மில் பலருக்கு மாண்ட்ரேக் சொல்லியிருப்பார். 1934இல் லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் படைத்த படக்கதை நாயகர் அவர். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் அவர் நுழைந்தார். நம் தந்தையர் ஒளித்து வைத்துப் படித்த அந்தப் புத்தகங்களை நாமும் பரணிலிருந்து எடுத்துப் படித்தோம். படத்தில் கண்டதை மேடையில் அணிந்தோம்.

ஆனால் அந்தக் கோட்டுக்கு மாண்ட்ரேக்கிற்கும் முந்திய வரலாறு உண்டு. பிரான்ஸ் நாட்டில் 1805இல் பிறந்த ராபர்ட் ஹூடின் தொழிலால் கடிகாரம் செய்பவர். 1845இல் பாரிஸ் மாநகரின் பாலே ரோயால் பகுதியில் அவர் ஒரு சிறு அரங்கைத் திறந்து வித்தை காட்டினார். அதற்கு முன்பெல்லாம் வித்தைக்காரர் பலர் நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்து, பழங்கால மந்திரவாதியின் கோலத்தில் வருவர். மேசையின் மேல் விரித்த துணி தரையைத் தொடும். அதற்குள் ஓர் ஆளே ஒளிந்திருக்கலாம். ராபர்ட் ஹூடின் இவை எல்லாவற்றையும் களைந்தார். மேசைத் துணியைச் சுருக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார். அந்நாளில் பாரிஸ் நகரத்துக் கனவான்கள் மாலை விருந்துக்கு எதை அணிந்து செல்வார்களோ, அதையே தாமும் அணிந்து மேடைக்கு வந்தார்.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவர் கோட்டு அணிந்தது பகட்டுக்காக அன்று; பகட்டைக் களைவதற்காக. எதிரே அமர்ந்திருந்த மக்களின் உடையே அவருடைய உடையும் ஆயிற்று. ‘நானும் உங்களில் ஒருவன், என்னிடம் அங்கி இல்லை, மந்திரம் இல்லை, இருப்பது கைத்திறனும் கருவியறிவுமே’ என்பதுதான் அந்த உடை சொன்ன செய்தி. இந்த முறையைக் கைக்கொண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்றாலும், பின்வந்தோர் அவரையே முன்மாதிரியாகக் கொண்டனர். புடாபெஸ்டில் 1874இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எரிக் வைஸ் என்னும் இளைஞர், அவர் பெயரைத் தழுவியே ‘ஹூடினி’ என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

காலம் சென்றது. மக்கள் அந்தக் கோட்டை விட்டுவிட்டனர், வித்தைக்காரர் விடவில்லை. ஒரு காலத்தில் எல்லாரும் அணிந்த உடை, பிறகு மேடையில் மட்டுமே காணக்கூடிய வேடமாக மாறிப்போயிற்று. 1974இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் டக் ஹென்னிங் என்னும் கனடா நாட்டு இளைஞர் ‘தி மேஜிக் ஷோ’ என்னும் நிகழ்ச்சியில் தோன்றினார். நீண்ட தலைமுடி, ஜீன்ஸ் கால்சட்டை, வண்ணப் பனியன். அந்நாளைய அமெரிக்க இளைஞர்களின் கோலம் அப்படியே. பழமை போற்றுவோர் சிலருக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: 1845இல் கோட்டை அணிந்தவரும் 1974இல் கோட்டைக் கழற்றியவரும் செய்தது ஒரே செயல்தான். இருவரும் தம் அவையோரின் உடையில் அவையோர் முன் நின்றனர். கோட்டு அணிந்தால் ராபர்ட் ஹூடினைப் பின்பற்றுவதாகும் என்று எண்ணுவோர், அவருடைய துணியைப் பின்பற்றுகிறார்களே அன்றி, அவருடைய நெறியைப் பின்பற்றவில்லை.

இரவல் தோல்

வேடத்தில் இன்னொரு வகை உண்டு. அது பிறருடைய நாட்டையும் நிறத்தையும் இரவல் வாங்குவது.

ஆங்கில இலக்கிய வகுப்பில் நாம் போற்றிப் படிக்கும் சார்லஸ் டிக்கன்ஸ், வித்தை காட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். 1849இல் வைட் தீவில் குடும்பத்தோடு கோடை விடுமுறையைக் கழித்தபோது, நண்பர்களுக்காக ஒரு காட்சி நடத்தினார். அப்போது தமக்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் ‘ரியா ராமா ரூஸ்’. கிழக்கு நாட்டு மாயக்காரர் என்னும் கோலம் அது. அந்தப் பெயரில் ‘ராமா’ எங்கிருந்து வந்தது? அக்காலத்து லண்டனில் புகழ்பெற்றிருந்த இந்திய வித்தைக்காரர் ஒருவரை மேல்நாட்டார் ‘ராமோ சாமி’ என்று எழுதினர். ‘ராமசாமி’ என்பதன் திரிபே அது என்று கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை. அவர் வாள் விழுங்குவார். கிண்ணமும் பந்தும் கொண்டு செப்பிடு வித்தை செய்வார். பந்துகளை அந்தரத்தில் சுழல விடுவார். லண்டனில் இந்திய வித்தைக்காரர் ஒருவர் வெள்ளுடையோடு தரையில் அமர்ந்து நான்கு பித்தளைப் பந்துகளைச் சுழற்றிய காட்சியைக் கண்டு வியந்து, வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

டிக்கன்ஸ் ஒரு மாலைப் பொழுதுக்கு ‘ராமா’ ஆனார். அதற்கு மறு ஆண்டு, 1850இல், உண்மையான ராமசாமி லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்குக்கூட அவர் மனைவி பிறரிடம் கையேந்த வேண்டியிருந்தது. வேடம் கட்டியவருக்கு அது விளையாட்டு. உடையவருக்கோ அது வாழ்வு. டிக்கன்ஸைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இரவல் வேடத்தின் இயல்பு இது என்று காட்டவே சொல்கிறேன்.

இதனினும் கொடிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சீன நாட்டிலிருந்து 1898இல் அமெரிக்கா சென்று பெரும்புகழ் ஈட்டியவர் சிங் லிங் ஃபூ. நீண்ட பட்டு அங்கியோடு மேடையில் நின்று, வெறுந்துணியிலிருந்து நீர் ததும்பும் பெரிய பாத்திரத்தை வரவழைப்பார். இவரைக் கண்ட வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர், ‘சுங் லிங் சூ’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, முகத்தில் சாயம் பூசி, பின்னல் சடை வைத்து, சீனராகவே ஐரோப்பாவில் வலம் வந்தார். மேடையில் வாய் பேசமாட்டார். பத்திரிகையாளரிடம்கூட மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் ‘பேசுவார்’. 1905இல் இருவரும் ஒரே வேளையில் லண்டனில் இருந்தனர். உண்மையான சீனர் அறைகூவல் விடுத்தார். ஆனால் போட்டி முறையாக நடைபெறாமலே முடிந்தது. போலியின் புகழ் குன்றவில்லை. 1918ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், லண்டன் வுட் கிரீன் அரங்கில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையில் கருவி பழுதுபட்டு, குண்டு உண்மையாகவே மார்பில் பாய்ந்தது. மறுநாள் அவர் இறந்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் மேடையில் அணிந்திருந்த முகம் தம்முடையதன்று என்பதை அவையோர் அவர் இறந்த பிறகே பரவலாக அறிந்தனர்.

குண்டைப் பிடிப்பதுபோல் காட்டியது வித்தை. சீனர்போல் காட்டியது வித்தையா? இல்லை. முதலாவது, அவையோர் அறிந்து இசைந்த மாயம். இரண்டாவது, இன்னொருவருடைய பிழைப்பைப் பறித்த பொய். நான் முதலில் குறிப்பிட்ட எல்லைக் கோடு இதுவே.

‘அப்படியானால் சர்க்காரின் மகாராஜா உடை என்னாயிற்று?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வங்கத்தில் 1913இல் பிறந்த பி. சி. சர்க்கார், தலைப்பாகையும் சரிகை அங்கியுமாக ‘இந்திரஜால்’ காட்சியை உலகெங்கும் கொண்டுசென்றவர். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை வாளால் இரண்டாக அறுக்கும் காட்சியை அவர் நடத்தியபோது, நேரம் முடிந்து நிகழ்ச்சி சட்டென்று நிறுத்தப்பட்டது. அந்தப் பெண் இறந்தே போனாள் என்றஞ்சிய மக்கள் தொலைபேசியில் மொய்த்துக்கொண்டனர். 1964இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1971இல் ஜப்பானில் காட்சி நடத்தச் சென்ற இடத்தில் காலமானார்.

அவருடைய உடையும் வேடம்தானே எனில், ஆம், வேடம்தான். ஆனால் அது ஒரு மறுமொழியாகப் பிறந்த வேடம் என்று நான் கருதுகிறேன். இந்திய வித்தைக்காரர் என்றாலே கோவணம் கட்டிய பக்கிரி என்று மேல்நாட்டார் எண்ணிய காலம் அது. அவர்களுக்குள்ளேயே பலர் முகத்தில் சாயம் பூசிப் ‘பக்கிரி’ வேடம் கட்டிக் காசு பார்த்த காலம். அந்த மேடைகளில் ஓர் இந்தியர், இந்தியராகவே, அரசரைப்போல் நிமிர்ந்து நின்றார். அதில் ஒரு தன்மானம் இருந்தது. இன்று நம் அரங்கில், நம் மக்கள் முன்னிலையில், வாடகைச் சரிகை அணிந்து வரும் நண்பர் யாருக்கு மறுமொழி சொல்கிறார்? கேள்வி மறைந்த பிறகு மறுமொழியை மட்டும் சுமப்பானேன்?

சட்டையில்லாச் சான்று

என் தாயைப் பெற்ற தாத்தா சந்தைகளில் செப்பிடு வித்தை காட்டிப் பிழைத்தவர். மூன்று கிண்ணம், நான்கு பந்து, ஒரு கோணிப்பை. இடுப்பில் நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவருடைய அரங்கப் பொருள்கள். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். முதுகுப் பக்கமும் நிற்பார்கள். திரை இல்லை, பின்னணி இல்லை, கையை மறைக்கச் சட்டைக் கை இல்லை. ஒளிக்க இடமே இல்லாத அந்த உடம்பிலிருந்து பந்துகள் தோன்றும், மறையும். கோட்டு அணிந்தவரைக் கண்டால் அவையில் இருக்கும் சிறுவனும் ‘கைக்குள்ளே விட்டுக்கிட்டாரு’ என்று சொல்லிவிடுவான். வெற்றுக் கையை அப்படிச் சொல்ல முடியாது. வித்தைக்கு வெறும் மேனியைவிடச் சிறந்த சான்று வேறு இல்லை.

அந்தச் சான்றுக்குக் கிடைத்த மதிப்பு என்ன? ஒரு செல்வர் வீட்டுக் காதணி விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்களாம். முன்வாசலில் நின்ற ஆள் அவருடைய வேட்டியையும் கோணிப்பையையும் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் போகச் சொன்னார். சாப்பாடும் பின்கட்டிலேயே. அதே விழாவுக்கு நகரத்திலிருந்து கோட்டு அணிந்த வித்தைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு நடுக்கூடத்தில் நாற்காலி, கூலியும் பன்மடங்கு. தாத்தா இதைச் சொல்லும்போது கோபப்படவில்லை. “அவரு கோட்டுக்கு நாற்காலி போட்டாங்க, தம்பி. என் கைக்குப் போடல்லே” என்றார், அவ்வளவுதான். பந்து பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஆகையால் இந்தக் கட்டுரையில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இது என் குடும்பத்துக் குறை மட்டும் அன்று. உடையைப் பார்த்து ஆளை எடை போடும் வழக்கம் சட்டப் புத்தகம்வரை சென்றிருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் காசு பெறுவதைப் பிச்சை என்னும் வரையறைக்குள்ளேயே அடக்கியது. தில்லிக்கும் விரிவாக்கப்பட்டிருந்த அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018இல்தான் செல்லாதவை என அறிவித்தது. அரங்கில் சீட்டு விற்றுச் செய்தால் கலை. ஆலமரத்தடியில் துண்டு விரித்துச் செய்தால் பிச்சையா? வித்தை ஒன்றே. வேறுபாடு கூரையிலும் கோட்டிலும்தான் இருக்கிறது. வேட்டிக்கே இந்த நிலை வந்ததையும் நாம் மறக்கலாகாது. 2014இல் சென்னையில் ஒரு மன்றம், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விட மறுத்தது. அதன் பின்னர் அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் இத்தகைய தடைகளை நீக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விடுதி நாளில் கிழிந்த கைலி கட்டி, முகத்தில் கரி பூசி, ‘தெரு வித்தைக்காரன்’ என்று வந்து சிரிப்பு மூட்டும் நண்பர்கள் உண்டு. அதுவும் இரவல் தோலே. வறுமை ஒருவருக்கு உடுத்திய கந்தலை, மற்றொருவர் வேடிக்கைக்கு உடுத்தலாகாது.

காவியும் மாயமும்

வித்தைக்காரர் ஒருபோதும் அணியக் கூடாத உடை ஒன்று உண்டு. அது துறவியின் உடை. எந்தச் சமயத்து உடையாயினும் சரி. கைக்குள்ளிருந்து திருநீறு வரவழைப்பது கைத்திறனில் எளிதான ஒன்று. அதைச் சாதாரணச் சட்டை அணிந்து செய்தால் கைதட்டுவார்கள். காவி அணிந்து செய்தால் காலில் விழுவார்கள். செயல் மாறவில்லை, உடைதான் அதை அற்புதமாக்கிவிட்டது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் மறையும்வரை அதை வென்றவர் எவரும் இல்லை.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் நம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அக்கடமையை மிக இனிமையாக நிறைவேற்றக்கூடியவர் மேஜிக் கலைஞர்தான். ‘நான் செய்வது கைத்திறன்’ என்று சொல்லிவிட்டுச் செய்த பிறகும் நாம் வியக்கிறோம் அல்லவா? கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்னும் பாடத்தை அதைவிட நன்றாக எந்த வகுப்பறையில் நடத்த முடியும்?

பெட்டிக்குள் இருப்பவர்

1921ஆம் ஆண்டு சனவரியில் செல்பிட் என்னும் ஆங்கிலேயர் லண்டன் மேடையில் ஒரு பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுத்துக் காட்டினார். அன்றிலிருந்து பெட்டிக்குள் பெண், வெளியே வாளோடு ஆண் என்பது எழுதாத விதியாயிற்று. பெட்டி வித்தைகளில் உடலை வளைத்தும் ஒடுக்கியும் கடினமான பணியைச் செய்பவர் பெரும்பாலும் உள்ளே இருப்பவரே. ஆனால் கைதட்டல் வெளியே நிற்பவருக்கு. உள்ளே இருப்பவருக்கோ கண்ணைக் கவரும் குறையாடை ஒன்றுதான் பங்கு. பணிக்கு ஏற்ற இறுக்கமான உடை வேண்டும் என்றால் அது நியாயம். அவையோரின் கண்ணைத் திருப்புவதற்காகவே ஒரு பெண்ணின் உடை அமைய வேண்டும் என்பது கைத்திறக் குறைவு. உங்கள் கை சரியாக இயங்கினால் அவையோரின் கண்ணைத் திருப்ப ஒரு சொல் போதும்.

பெண்கள் உதவியாளராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1896இல் கணவர் அலெக்சாண்டர் ஹெர்மன் இறந்த பிறகு, அடிலெய்டு ஹெர்மன் தாமே தலைமையேற்றுப் பல ஆண்டுகள் அமெரிக்க மேடைகளை ஆண்டார். துப்பாக்கிக் குண்டு பிடிக்கும் வித்தையையும் அவர் செய்து காட்டினார். நம் கல்லூரி மாணவியருள் ஒருவர் தம் வழக்கமான புடவையிலோ சுடிதாரிலோ வந்து சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கும் நாள் விரைவில் வர வேண்டும்.

நம் மேடைக்குச் சில சொற்கள்

வேண்டாதவற்றையே அடுக்கினால் போதாது. வேண்டுவனவற்றையும் சொல்ல வேண்டும்.

முதலாவது நிறம். கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை இயற்பியல் மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புப் பின்னணிக்கு முன் கறுப்புத் துணியால் மூடிய பொருள் கண்ணுக்குத் தெரியாது என்னும் உண்மையைக்கொண்டு, ஜெர்மனியில் மாக்ஸ் ஆட்ஸிங்கர் 1880களில் ஒரு தனி வித்தை முறையையே உருவாக்கினார். அதை அறியாமல், நம் அரங்கின் கருநீலத் திரைக்கு முன் கறுப்புக் கோட்டோடு நிற்பவர் என்ன ஆகிறார்? பின்வரிசையில் இருப்பவர்க்கு ஒரு முகமும் இரண்டு வெள்ளைக் கையுறையும் மட்டும் மிதப்பதுபோல் தெரியும். மாறாக, வெள்ளைச் சட்டையை எண்ணிப் பாருங்கள். நம்மவரின் மாநிறக் கை அதன்முன் துலக்கமாகத் தெரியும். விரல் அசைவு ஒவ்வொன்றும் கடைசி வரிசைக்கும் எட்டும். கைத்திறனைக் காட்ட வந்தவருக்குக் கை தெரிவதன்றோ முதன்மை?

இரண்டாவது, சட்டைக் கை. முழங்கைவரை மடித்து விடுங்கள், அல்லது அரைக்கைச் சட்டை அணியுங்கள். வெயில் நாட்டில் மின்விளக்குகளின் கீழ் கம்பளிக் கோட்டு அணிந்து வியர்வையில் குளிப்பவரின் கையில் சீட்டு ஒட்டிக்கொள்ளும், நாணயம் வழுக்கும். உடை வித்தைக்குப் பகையாகலாகாது.

மூன்றாவது, கை. அவையோரின் கண் ஒரு மணி நேரமும் அங்கேதான் நிலைத்திருக்கும். இந்நாளில் முன்வரிசையினர் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கியும் பார்க்கின்றனர். நகம் வெட்டியிருக்க வேண்டும். அழுக்கு இருக்கக் கூடாது. ஆறு மோதிரம் வேண்டாம்.

நான்காவது, பேச்சு. பொருள் தெரியாத அயல்மொழி மந்திரங்களைச் சொல்வதைவிட, நம் ஊர்ப் பேச்சில் நான்கு வரி பேசுவது நன்று. மேடைக்கு அழைக்கும் மாணவரைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். ‘வாங்க தம்பி, வாங்க தங்கச்சி’ என்று அழைத்து, வேலை முடிந்ததும் நன்றி சொல்லி, அவருக்கும் ஒரு கைதட்டல் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பேராசிரியரின் கடிகாரத்தை வாங்கினால் இரு கையாலும் வாங்கி, இரு கையாலும் திருப்பித் தாருங்கள். உடையின் தொடர்ச்சியே நடை.

‘விழா என்றால் சற்றுப் பகட்டு வேண்டாமா? வெள்ளைச் சட்டையோடு வந்தால் மின்விளக்குப் பழுதுபார்க்க வந்தவர் என்று எண்ணிவிட மாட்டார்களா?’ என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மேடை, வீட்டுத் திண்ணை அன்று. ஆகவே அவையோரின் உடையே உங்கள் உடை. ஆனால் அதில் ஒரு படி மேலானது. சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டையோ, நன்கு தைத்த கால்சட்டையோ, திருமணத்துக்குச் செல்வதுபோல் உடுத்தி வாருங்கள். வண்ணம் வேண்டுமென்றால் கைக்குட்டையில் இருக்கட்டும், பூவில் இருக்கட்டும், வரவழைக்கும் பட்டுத் துணிகளில் இருக்கட்டும். எளிய உடையிலிருந்து வண்ணம் பிறக்கும்போதுதான் அது மாயமாகிறது. சரிகையிலிருந்து சரிகை பிறந்தால் யார் வியப்பார்?

இறுதியாக மாணவர் பேரவைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் உடை வாடகைக்கு ஒதுக்கும் தொகையைச் சேமித்து, நம் மாவட்டத்துச் சந்தைகளில் இன்றும் வித்தை காட்டிவரும் கலைஞர் ஒருவரை அழைப்போம். அவர் தமக்கு உகந்த உடையில் வரட்டும். நகரத்து மேஜிக் நிபுணருக்குத் தரும் தொகையையே அவருக்கும் தருவோம். அழைப்பிதழில் அவர் பெயரை மற்றவர் பெயரின் அளவிலேயே அச்சிடுவோம். நம் அரங்கின் மேடை நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவோம். தரையில் அமர்ந்துதான் வித்தை செய்வேன் என்று அவர் சொன்னால், நாற்காலியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் கை நன்றாகத் தெரியும்படி விளக்கை மட்டும் திருப்பி வைப்போம்.